டிரைவர் இருக்கையை நண்பருக்கு விடுங்கள்

கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி நம் சங்க மலரில் எழுதப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். பென்ஷன் வாங்குகிறவன் எழுத வேண்டிய விஷயங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது போலும்: சர்க்கரை நோய், ஆன்மிகம், அந்தக் காலத்து ரயில்வே. மூன்றாவது விஷயம் இந்தக் கட்டுரையிலும் வந்துவிடும், அதைத் தவிர்க்க முடியாது. மற்ற இரண்டுக்கும் நம்மிடையே நல்ல எழுத்தாளர்கள் இருக்கிறார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். தனக்குப் பிடித்த ஒரு விளையாட்டை ஒரு நண்பருக்கு அறிமுகம் செய்து வைப்பதில், அதைத் தானே விளையாடுவதை விடப் பெரிய சந்தோஷம் இருக்கிறது. தேஹு ரோடு போன்ற ஓர் ஊரில், பிள்ளைகள் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட வீடுகளில், அது வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருப்பதில்லை. ஆகவே கேரம் போர்டுக்கும் செஸ்ஸுக்கும் சங்கத்தில் கொடுக்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். "கம்ப்யூட்டர் கேம்" என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது ஆன்லைன் ரம்மி. அதில் பணத்தை இழந்து குடும்பங்கள் தெருவுக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் 2022ல் ஓய்வு பெற்ற நீதியரசர் சந்துரு தலைமையில் குழு போட்டு, அதே வருடம் சட்டமும் கொண்டு வந்தார்கள். 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடு முழுவதும் தடை விதித்துச் சட்டம் இயற்றியது. நல்ல காரியம். ஆனால் சூதாட்டத்துக்கும் விளையாட்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே கழியால் அடிக்கக் கூடாது. நான் சொல்லும் விளையாட்டில் ஜெயித்தால் ஒரு பைசா வராது, தோற்றால் ஒரு பைசா போகாது.

ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவதுதான் இந்த விளையாட்டுகளின் பழைய வழக்கம். 'டெட்ரிஸ்' என்று மேலேயிருந்து கட்டங்கள் விழும் விளையாட்டை உங்கள் பிள்ளைகள் ஆடியிருப்பார்கள். அதை 1984ல் மாஸ்கோவில் உருவாக்கியவர் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர். விளம்பரம் கிடையாது, கடை கிடையாது. தன்னோடு வேலை செய்தவர்களுக்குக் காட்டினார். அதன் பிறகு ஃப்ளாப்பியில் காப்பி எடுத்து ஒருவருக்கொருவர் கொடுத்தே ஊர் முழுவதும் பரவியது. அவருடைய நண்பர் விளாதிமிர் பொகில்கோ ஒரு மனோதத்துவ நிபுணர். தான் வேலை பார்த்த மருத்துவ நிலையத்துக்கு அதைக் கொண்டு போனார். அங்கே ஒருவரும் வேலை செய்யவில்லையாம். கடைசியில் அவரே அந்தக் காப்பிகளை ஒழித்துக் கட்ட வேண்டியதாயிற்று. ஆபீஸ் நேரத்தில் கொண்டு போனால் அப்படித்தான் ஆகும். ரிடையர் ஆனவர்களிடம் கொண்டு போனால் அந்தத் தொல்லை இல்லை.

என் விளையாட்டு ரயில் ஓட்டுவது. முப்பது வருடத்துக்கு மேல் தண்டவாளத்தைப் பார்த்த பி.டபிள்யூ.ஐ. நான். என் வேலையில் ரயில் எப்போதும் என்னைக் கடந்து போகும், நான் அதை ஓட்ட முடியாது. 2001ல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி 'ட்ரெயின் சிமுலேட்டர்' என்று ஒன்றை வெளியிட்டது. குஜு என்ற இங்கிலாந்துக் கம்பெனி செய்து கொடுத்தது. அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரியா, ஜப்பான் என்று ஆறு நிஜமான ரயில் பாதைகள் அதில் உண்டு. மகனுக்கென்று வாங்கினோம். அவன் ஒரு வாரத்தில் கார் ரேஸுக்குப் போய்விட்டான், நான் இன்னும் இறங்கவில்லை.

அதன் இரண்டாம் பாகம் வரும் வரும் என்று சொல்லி, 2009ல் அந்தப் பிரிவையே கம்பெனி மூடிவிட்டது. ஆனால் ரசிகர்கள் விடவில்லை. 'ஓபன் ரெயில்ஸ்' என்ற பெயரில் தாங்களே ஒரு மென்பொருளை எழுதி, 2015ல் முதல் முழுப் பதிப்பை இலவசமாகக் கொடுத்தார்கள். பழைய விளையாட்டுக்காகச் செய்த பாதைகளும் இன்ஜின்களும் இதிலும் ஓடும். நம் நாட்டுப் பையன்கள் சிலர் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து இந்திய டீசல், எலெக்ட்ரிக் இன்ஜின்களைக் கூடச் செய்து போட்டிருக்கிறார்கள். ஒரு பி.டபிள்யூ.ஐ.யாக எனக்கு மிகவும் திருப்தியான விஷயம் வேறு. மைக்ரோசாஃப்டின் விளையாட்டில் வளைவுகளில் இரண்டு தண்டவாளமும் ஒரே மட்டத்தில் இருக்கும். பார்க்கவே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஓபன் ரெயில்ஸ்காரர்கள் வெளித் தண்டவாளத்தை உயர்த்திக் காட்டும் வசதியைக் கொடுத்தார்கள். அன்றைக்கு எனக்குத் தீபாவளி.

இந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "அப்படியா, சாப்பிட வாங்க" என்றார்கள்.

அப்போதுதான் எங்கள் தெருவில் இருக்கும் நண்பர் ஞாபகம் வந்தது. ஜோலார்பேட்டைக்காரர். அவர் அப்பா அங்கே நீராவி இன்ஜினில் ஃபயர்மேன். இவர் இங்கே வந்து எலெக்ட்ரிக் இன்ஜினில் அசிஸ்டென்டாகச் சேர்ந்து, கூட்ஸ் டிரைவராகிப் பல வருடம் போர் காட்டில் வண்டி ஓட்டியவர். நம் பக்கத்துக்காரர்களுக்கு அந்த மலைப்பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. லோனாவ்லாவுக்கும் கர்ஜத்துக்கும் நடுவே 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். ஏறும் வண்டிக்குக் கர்ஜத்தில் பின்னால் பாங்கர் இன்ஜின் மாட்டித் தள்ள வேண்டும். இறங்குவது அதைவிடக் கஷ்டம். வழியில் கேட்ச் ஸைடிங் இருக்கும். வண்டி அங்கே நின்று, பிரேக் பிடிக்கிறது என்று காட்டிய பிறகுதான் பாயின்ட் மெயின் லைனுக்குத் திரும்பும். நிற்காத வண்டி நேரே மலைச்சரிவில் ஏறி நிற்க வேண்டியதுதான். அங்கே ஓட்டிய டிரைவர்களுக்கு ஒரு கர்வம் உண்டு, நியாயமான கர்வம்.

சர்வீஸில் இருந்த காலத்தில் எங்களுக்குள் ஒரு தீராத வழக்கு. ஒரு வளைவில் வண்டி தூக்கிப் போடுகிறது என்று அவர் எழுதுவார். வேகம் கூடினால் எந்த வளைவும் தூக்கித்தான் போடும் என்று நான் சொல்வேன். ரிடையர் ஆன பிறகும் டீக்கடையில் இந்த வழக்கு நடந்தது.

பிறகு அவர் மனைவி காலமானார். மகன் வெளிநாட்டில். அவர் சாயங்காலம் தேஹு ரோடு ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து லோனாவ்லா லோக்கல்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வருடம் கழித்து முழங்கால் மக்கர் செய்தது, படி ஏறி இறங்க முடியவில்லை. அதுவும் நின்றது. சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால், "நீங்க போயிட்டு வாங்க சார்" என்பார். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. நம் ஊரில் ராணுவ டிப்போவிலும் ஆர்டினன்ஸ் ஃபாக்டரியிலும் ரயில்வேயிலும் உழைத்து ஓய்ந்த தமிழர்களில் இப்படிப்பட்டவர் ஒவ்வொரு தெருவிலும் ஒருவராவது இருக்கிறார். அவர்களுக்கு நாம் சொல்லும் ஆறுதல் என்ன? "கோயிலுக்குப் போங்க, வாக்கிங் போங்க." முழங்கால் வலிக்காரரிடம் வாக்கிங்!

ஒரு நாள் கேட்டேன், "சார், வண்டி ஓட்டலாம் வர்றீங்களா?"

"என்ன சார், கிண்டலா?"

"கம்ப்யூட்டர்ல ஒரு விளையாட்டு."

"ரம்மியா? அந்தப் பேச்சே வேண்டாம்."

ரம்மி இல்லை என்று அவரை நம்ப வைக்க இரண்டு நாள் ஆயிற்று. பிறகு வந்தார். வந்தது எனக்காகத்தான், ஆசைப்பட்டு அல்ல.

இங்கே என் அபிப்பிராயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிடித்த விளையாட்டைக் காட்டுகிறேன் என்று சொல்பவர்களில் பாதிப் பேர் காட்டுவதில்லை, தாங்களே ஆடிக் காட்டுகிறார்கள். பேரப்பிள்ளைகளைக் கவனித்திருப்பீர்கள். "தாத்தா, இப்படி இல்ல, குடுங்க" என்று மௌஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். தாத்தா பார்வையாளர் ஆகிவிடுவார். பார்வையாளராக இருந்து இருந்துதானே அவருக்கு அலுத்துப் போயிருக்கிறது! ரயில்வேயில் கேபில் இன்னொரு அதிகாரி ஏறினாலும் கைப்பிடி டிரைவர் கையில்தான். அந்த விதிதான் இங்கேயும். நண்பரைக் கீ போர்டுக்கு நேராக உட்கார வைத்துவிட்டு நான் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வாய் மட்டும் வேலை செய்தது, அதுவும் கேட்டால் மட்டும்.

முதலில் இங்கிலாந்தின் ஸெட்டில் – கார்லைல் பாதையைப் போட்டேன். 1876ல் பிரயாணிகளுக்குத் திறந்தது. மூட வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்ய, மக்கள் வருடக்கணக்கில் போராடி 1989ல் காப்பாற்றிய பாதை. 24 வளைவுகள் கொண்ட ரிப்பிள்ஹெட் பாலம் அதில்தான் வருகிறது. இன்ஜின் 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்', நீராவி. "டி-யை அழுத்தினா கிளம்பும் சார்" என்றேன்.

அவர் அழுத்தவில்லை. "லோடு எவ்வளவு? எத்தனை பெட்டி?" என்று கேட்டார். சொன்னேன். "பிரேக் பார்த்தாச்சா?" என்றார். இந்த விளையாட்டில் அதைக் கேட்டவர் யாரையும் நான் கண்டதில்லை. நின்ற இடத்திலேயே பிரேக் போட்டார், விட்டார், காட்டி ஏறி இறங்குவதைப் பார்த்தார். மறுபடியும் ஒரு தடவை. அப்புறம் ஒரு விசில். அதன் பிறகே வண்டி நகர்ந்தது. நான் பத்து வருடமாகப் பார்த்த அதே திரை. அன்றைக்கு அது எனக்கு ஓர் இன்ஜினின் உள்பக்கமாகத் தெரிந்தது.

அந்தப் பாதையில் சுமார் 24 கிலோமீட்டருக்கு 100 அடிக்கு ஓர் அடி ஏற்றம் உண்டு. இங்கிலாந்துக்காரர்கள் அதை நீண்ட இழுவை என்று பெயர் வைத்துப் பெருமையாகச் சொல்கிறார்கள். நண்பரிடம் சொன்னேன். அவர் திரும்பி என்னைப் பார்த்து, "நூத்துக்கு ஒண்ணா? இதுக்குப் பேரு ஏத்தமா சார்? எங்க காட்டுக்கு வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார். மாதக்கணக்கில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

நடுவில், "கரி யார் போடறாங்க?" என்று கேட்டார். அதைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும், வேண்டுமானால் நாமே செய்யலாம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அதை என்கிட்ட விடுங்க" என்றார். மாற்றிக் கொடுத்தேன். கரி, தண்ணீர், நீராவியின் அழுத்தம் மூன்றையும் அவரே பார்த்துக்கொண்டு ஏறினார். இரண்டு முறை அழுத்தம் விழுந்து வண்டி ஊர்ந்தது, ஒரு முறை நின்றேவிட்டது. "எங்கப்பா ராத்திரி ராத்திரி இதைத்தான் செஞ்சாரு. வீட்டுக்கு வந்தா கை தூக்க முடியாது, அம்மாதான் ஊட்டி விடுவாங்க. நான் பட்டன் தட்டற இன்ஜினுக்கு வந்துட்டேன்" என்றார். பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இத்தனை வருடம் இருந்தும் அவர் அப்பாவைப் பற்றி நான் கேட்ட முதல் விவரம் இது. டீக்கடையில் வளைவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம் அல்லவா!

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு இப்படிச் சில லாபங்கள் உண்டு. நம் ஆட்டத்தை நண்பருக்குக் கொடுத்தால், அவர் அதைத் தன் வாழ்க்கையோடு சேர்த்து நமக்குத் திருப்பிக் கொடுக்கிறார்.

இரண்டாவது வாரம் ஜப்பானின் ஹிஸாட்ஸு பாதை. கியூஷு தீவில் மலை மேல் போகும் ஒற்றைப் பாதை, 1909ல் அந்த மலைப்பகுதி திறக்கப்பட்டது. ஓகோபா என்ற ஸ்டேஷனில் பாதை மலையைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறது. அந்த வட்டத்துக்குள்ளேயே வண்டி முன்னே போய் நின்று, பின்னால் வந்து, மறுபடி முன்னே போய்த்தான் மேலே ஏற முடியும். டிரைவர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாற வேண்டும். இதைப் பார்த்ததும் நண்பர் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். "ரிவர்ஸிங் ஸ்டேஷன்!" என்றார்.

நம் போர் காட்டிலும் அது இருந்தது. 1863ல் பாதை திறந்தபோது கண்டாலாவுக்குக் கீழே மலை இடம் கொடுக்காததால், வண்டி ஒரு மேட்டில் போய் நின்று, இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டித் திரும்பிப் போகும். 1920களின் கடைசியில் புதிய சுரங்கங்கள் குடைந்து அதைக் கைவிட்டார்கள். இவர் டிரைவராகும் முன்பே அரை நூற்றாண்டு போய்விட்டது. ஆனால் மூத்த டிரைவர்கள் அந்த இடத்தைக் கை காட்டி, அங்கே எப்படி ஓட்டியிருப்பார்கள் என்று பேசிக்கொள்வார்களாம். "அதை ஓட்டிப் பாக்கணும்னு ஒரு ஆசை இருந்துது சார்" என்றார். அன்றைக்கு ஓகோபாவில் மூன்று தடவை ஏறி இறங்கினார். நான் டீயை மூன்று தடவை சுட வைத்தேன்.

நிஜ ஹிஸாட்ஸு பாதையை 2020 ஜூலை வெள்ளம் அடித்துக்கொண்டு போய், அந்த மலைப்பகுதியில் ரயில் நின்று போனது. இதை அவரிடம் சொன்னேன். "அப்ப நாமதான் ஓட்டறோம்" என்றார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, உட்கார்ந்த இடத்தில் இருந்தால் உடம்பு என்ன ஆகும் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனமே விளையாட்டுப் பித்தை ஒரு கோளாறாகத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அங்கே சொல்லப்படுவது வேறு வேலை, சாப்பாடு, உறவு எல்லாவற்றையும் மறந்து ஆடுவது. எங்கள் கணக்கு வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம், இரண்டு பேர். தனியாக ஆடுவதற்கும் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த மாதிரி எச்சரிக்கை செய்கிறவர்கள் கவனிப்பதில்லை. தனியாக ஆடியபோது எனக்கே ராத்திரி பன்னிரண்டு தாண்டும். அவர் வந்த பிறகு எட்டரை மணிக்கு டூட்டி முடிந்தது என்று எழுந்துவிடுகிறார். பத்து மணி நேர ரூல் தெரிந்த டிரைவர் ஆயிற்றே.

எல்லோருக்கும் ரயில்தான் என்று நான் சொல்லவில்லை. டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்தவருக்குச் சாமான் அடுக்கும் விளையாட்டு, சிக்னல் பிரிவில் இருந்தவருக்குப் பாயின்ட் மாற்றி வண்டி வாங்கும் விளையாட்டு (இங்கிலாந்து ரயில் பாதைகளுக்கு 'ஸிம்ஸிக்' என்று ஒன்று இருக்கிறது, பார்த்தால் அசந்து போவீர்கள்), கணக்குப் பிரிவுக்காரருக்கு வேறொன்று. கொடுக்கிறவருக்கு அது உண்மையாகவே பிடித்திருக்க வேண்டும், வாங்கிக்கொள்கிறவரின் கைக்குப் பழக்கமான ஏதோ ஒன்று அதில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் பொருந்தாவிட்டால் விட்டுவிடலாம். என் மகன் எனக்குத் துப்பாக்கி விளையாட்டு ஒன்றைக் காட்டினான். மரியாதைக்குப் பத்து நிமிடம் சுட்டேன்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் மிகச் சிறியது. மாதாந்திரக் கூட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்துக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம், பின்னறையில் கேரம் போர்டுக்குப் பக்கத்து மூலை. கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லிக் கமிட்டியைக் கேட்கவில்லை, என்னுடைய பழையது இருக்கிறது, நானே கொண்டு வருகிறேன். ஓபன் ரெயில்ஸுக்குக் காசு இல்லை. ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போதும். நாற்காலியில் ஒன்று கைப்பிடி வைத்ததாக இருந்தால் நல்லது, முழங்கால்காரர் ஊன்றி எழுந்திருக்க வேண்டும்.

அவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆட்டோவுக்கு நான் பொறுப்பு. நம் சங்கத்தில் இன்னொரு ரிடையர்டு ஆசாமிக்கு ஸெட்டில் – கார்லைல் ஓட்டக் கற்றுக் கொடுக்கப் போகிறாராம். "மொதல்ல பிரேக் டெஸ்ட், அப்புறம்தான் மத்ததெல்லாம். நீங்க பக்கத்துல நின்னு பேசக் கூடாது சார்" என்று எனக்கு இப்போதே உத்தரவு போட்டுவிட்டார்.